ஆஸ்பத்திரிச் செலவோடு மூடப்படாத கணக்கு

நமது வர்த்தக நண்பர்கள் பலரிடம் ஒரு கேள்வியை நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "உங்களது கடையிலோ, மில்லிலோ, கராஜிலோ வேலை செய்யும் ஒருவருக்கு வேலை நேரத்தில் பெரிய காயம் ஏற்பட்டால் என்ன செய்வீர்கள்?" அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். செலவைப் பார்ப்போம். கொஞ்ச நாள் சம்பளம் கொடுப்போம். பிறகு கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவோம்."

நல்ல பதில்தான். ஈரமுள்ள பதிலும் கூட. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்; அப்படியே செய்தும் காட்டினேன். செலவுப் புத்தகத்தில் 'விபத்துச் செலவு' என்று ஒரு வரி எழுதி, கீழே கோடும் போட்டேன். அந்தக் கணக்கு அத்தோடு முடியவில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகின்றேன்.

ஒரு துண்டுக் கம்பி

1990களில் கொழும்பில் நான் ஒரு சிறிய அச்சகம் நடத்தி வந்தேன். இரண்டு அச்சு இயந்திரங்கள், காகிதம் வெட்டும் மெசின் ஒன்று, ஏழு ஊழியர்கள். அவ்வளவுதான். அச்சுத் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும், டிசம்பர் மாதம் என்றால் நித்திரை கிடையாது. கலண்டர், டயரி, புதுவருட வாழ்த்து அட்டை என்று எல்லா ஓடர்களும் ஒன்றாக வந்து விழும்.

காகிதம் வெட்டும் மெசினில் இரண்டு பிடிகள் இருந்தன. இரண்டையும் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி கீழே இறங்கும். இரண்டு கைகளும் பிடியில் இருந்தால் எந்தக் கையும் கத்திக்குக் கீழே இருக்காது. மெசினைச் செய்தவன் அந்த யோசனையோடுதான் செய்திருந்தான். ஆனால் வேலை அவசரத்தில் ஒரு பிடியைக் கம்பியால் இழுத்துக் கட்டி வைத்திருந்தோம். அப்போது ஒரு கையால் அழுத்தலாம், மறு கையால் காகிதத்தைத் தள்ளலாம். ஒரு நாளைக்கு ஒன்றரை மடங்கு வேலை முடியும். கட்டியது யார் என்று எனக்கு இன்று நினைவில்லை. கட்டியிருந்தது எனக்குத் தெரியும் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு, அந்த மெசினில் வேலை செய்த இளைஞரின் இடது கையில் நான்கு விரல்கள் போயின. அவருக்கு அப்போது முப்பது வயதும் ஆகவில்லை. திருமணமாகி ஒரு கைக்குழந்தை. அவருடைய பெயரை இங்கு நான் எழுதப் போவதில்லை.

முச்சக்கர வண்டியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். மருந்துச் செலவு முழுவதையும் நானே கொடுத்தேன். இரண்டு மாதச் சம்பளம் வீட்டுக்குப் போனது. மூன்றாவது மாதம் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, "இனி எந்தவிதக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய கடதாசியில் கையொப்பம் வாங்கினேன். அவர் வலது கையால் ஒப்பமிட்டார். நான் அநியாயம் செய்வதாக நினைக்கவில்லை. பக்கத்து முதலாளிமாரை விட நான் கூடுதலாகவே கொடுத்ததாக ஊரில் பேசிக் கொண்டார்கள்.

அதன்பின் அவர் மூன்று, நான்கு தடவை அச்சகத்துக்கு வந்தார். உள்ளே வர மாட்டார். வாசலில் நிற்பார். இடது கையை எப்போதும் சட்டைக்குள் மறைத்து வைத்திருப்பார். காசு கேட்டுத்தான் வருகிறார் என்று நான் நினைத்துக் கொண்டேன். வேலை மும்முரத்தில் ஐந்நூறு ரூபாவை யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிட்டு என் பாட்டில் இருந்து விடுவேன். ஒரு நாளாவது வெளியே போய் "எப்படி இருக்கிறீர்?" என்று கேட்கவில்லை.

விபத்து நடந்து எட்டு மாதங்களின் பின் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டார்.

ஜனாஸாவுக்குப் போனேன். வீட்டார் திடீர் மௌத்து என்றே வந்தவர்களிடம் சொன்னார்கள். நம் சமூகத்தில் இப்படியான மரணம் நடந்தால் வெளியே சொல்ல யாருக்குத்தான் நா வரும்? திரும்பி வரும் வழியில் எங்கள் அச்சகத்து மனேஜர் எனக்கு ஆறுதல் சொன்னார். "நீங்க கவலைப்படாதீங்க. நாங்க செய்ய வேண்டியதச் செஞ்சோம். அது அவரு எடுத்த முடிவு."

அந்த ஒரு வசனம் எனக்குப் பல வருடங்களாகப் போதுமானதாக இருந்தது. அதே வசனத்தை வைத்துக்கொண்டு உலகத்தின் நீதிமன்றங்கள் நூறு வருடத்துக்கும் மேலாக வாதாடி வந்திருக்கின்றன என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்து கொண்டேன்.

பிழை யாருடையது என்று கேட்காத சட்டம்

முதலில் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியாவில் ஒரு தொழிலாளி கை, கால் இழந்தால் முதலாளியின் கவனயீனத்தை அவரே நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. கூட வேலை செய்த இன்னொருவரின் பிழையால் காயம் ஏற்பட்டிருந்தால் முதலாளி தப்பித்துக் கொள்ள வழியிருந்தது. கூலித் தொழிலாளிக்கு வழக்காட ஏது வசதி?

1897ஆம் ஆண்டில் அங்கு நிறைவேற்றப்பட்ட தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இந்த முறையை மாற்றியது. பிழை யாருடையது என்ற கேள்வியை அது ஒதுக்கி வைத்தது. அதற்குப் பதிலாக இரண்டு விடயங்களை மட்டும் கேட்டது. காயம் வேலையின் காரணமாக ஏற்பட்டதா? வேலையின்போது ஏற்பட்டதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் நட்டஈடு கொடுக்க வேண்டும். தொகையை ஓர் அட்டவணை தீர்மானிக்கும். தொழில் நடத்துவதில் வரும் ஆபத்தும் தொழிலின் செலவே என்பதுதான் இதன் அடிப்படை. வியாபாரிகளாகிய நமக்கு விளங்கக் கூடிய தத்துவம்தான் இது. கடை வாடகை, மின்சாரக் கட்டணம் போல விபத்தும் ஒரு செலவு. அதைத் தொழிலாளியின் குடும்பத்தின் தலையில் போடக் கூடாது.

அந்தச் சட்டத்தின் அதே சொற்கள் 1923இல் இந்தியாவுக்கும், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் மூலம் இலங்கைக்கும் வந்து சேர்ந்தன. பல தடவைகள் திருத்தப்பட்டாலும் அச்சட்டமே நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது.

சரி, காயம்பட்டவர் அந்தக் காயத்தினாலேயே ஆஸ்பத்திரியில் இறந்தால் கேள்விக்கு இடமில்லை. ஆனால் காயம்பட்டு, மனம் உடைந்து, தன் உயிரைத் தானே போக்கிக் கொண்டால்? அந்த மரணம் வேலையின் காரணமாக வந்த மரணமா? அல்லது மனேஜர் சொன்னது போல அவர் எடுத்த முடிவா?

உருகிய ஈயம் தெறித்த கண்

அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் 1913ஆம் ஆண்டு ஒரு தொழிலாளியின் கண்ணில் உருகிய ஈயம் தெறித்தது. ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார். இரண்டு வாரங்கள் சென்ற பின், சித்தம் கலங்கிய நிலையில், அங்கேயே தன் உயிரைப் போக்கிக் கொண்டார். அவரை நம்பியிருந்தவர்களுக்கு நட்டஈடு கிடைக்குமா என்ற கேள்வி அம்மாநிலத்தின் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. சட்ட உலகில் 'ஸ்பொனாட்ஸ்கி வழக்கு' என்று இதனை அழைப்பார்கள்.

1915இல் தீர்ப்பு வந்தது. நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் ஒரு வேலியையும் போட்டது. காயத்தின் விளைவாகப் புத்தி பேதலித்து, என்ன செய்கிறோம் என்ற உணர்வே இல்லாமல், அடக்க முடியாத உந்துதலில் செய்திருந்தால் மட்டும் நட்டஈடு. தான் செய்வது என்னவென்று விளங்கிக் கொண்டு, ஓரளவு யோசித்துத் தெரிவு செய்திருந்தால் நட்டஈடு இல்லை. காயத்தின் வலியினாலேயே அந்த முடிவுக்கு வந்திருந்தாலும் இல்லை.

அக்காலத்தில் இது பெரிய முன்னேற்றமே. ஆனாலும் அதில் ஒரு குறை இருந்தது. மனச்சோர்வினால் உயிரை விடுபவர்களில் பலர் பைத்தியம் பிடித்தவர்களைப் போல் நடந்து கொள்வதில்லை. சிலர் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பார்கள். கடன்காரனுக்குக் கடனைத் திருப்பிக் கொடுப்பார்கள். வெளியே பார்த்தால் தெளிவாக யோசித்து எடுத்த முடிவு போல இருக்கும். ஸ்பொனாட்ஸ்கி வழக்கின் வேலி இப்படிப்பட்டவர்களின் குடும்பங்களை எல்லாம் வெளியே தள்ளிவிட்டது.

பின்வந்த காலத்தில் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் அந்த வேலியைத் தளர்த்தி, 'காரணச் சங்கிலி' என்ற முறைக்கு மாறின. விபத்து காயத்தைத் தந்தது, காயம் மனநோயைத் தந்தது, மனநோய் சரியாகச் சிந்திக்கும் சக்தியைப் பறித்தது, அதனால் மரணம் நேர்ந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியும் அறுந்திருக்காவிட்டால் அது விபத்தின் மரணமே. அவர் அறிந்து செய்தாரா என்ற கேள்வி போய், அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்ற கேள்வி வந்தது.

தற்கொலை குற்றமாக இருந்த காலத்தில்

இங்கிலாந்தில் பழைய நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் இவ்வாறான வழக்குகள் வந்தபோது, காயத்தினால் சித்தப்பிரமை உண்டானது என்பதை நிரூபிக்கும்படியே நீதிபதிகள் கேட்டு வந்தார்கள். 1948இல் அந்தச் சட்டம் முடிவுக்கு வந்து, அரசாங்கமே காயக் கொடுப்பனவு வழங்கும் முறை அங்கு தொடங்கியது. ஆனால் முதலாளியின் கவனயீனத்துக்கு எதிராக சிவில் வழக்குப் போடும் உரிமை அப்படியே இருந்தது.

1955இல் ஒரு போக்குவரத்துக் கம்பனியின் ஊழியருக்கு வேலையின்போது தலையில் காயம் ஏற்பட்டது. அதிலிருந்து அவரைக் கடுமையான மனச்சோர்வு பிடித்துக் கொண்டது. ஒன்றரை வருடம் கழித்து, 1957 ஜனவரியில் அவர் தன் உயிரை மாய்த்துக் கொண்டார். அப்போது இங்கிலாந்தில் தற்கொலை ஒரு குற்றம். 1961இல்தான் அது குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அப்படியிருந்தும் அந்த மனைவிக்கு நீதிமன்றம் நட்டஈடு வழங்கியது. சட்டத்தின் பார்வையில் அவர் சித்த சுவாதீனம் அற்றவர் அல்லர். ஆயினும் அந்த மனச்சோர்வைத் தந்தது தலைக் காயம், தலைக் காயத்தைத் தந்தது முதலாளியின் கவனயீனம் என்றார் நீதிபதி.

ஆறு வருடம் கழித்து வந்த மரணம்

இந்த விடயத்தில் மிகத் தெளிவான தீர்ப்பு 2008ஆம் ஆண்டில் வந்தது. 'கோர் எதிர் ஐ.பி.சி. வாகனக் கம்பனி' என்பது வழக்கின் பெயர். நமது வியாபாரிகள் ஒவ்வொருவரும் இந்த வழக்கை அறிந்திருக்க வேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

கார்களுக்கான தகடுகளைச் செய்யும் தொழிற்சாலையில் அவர் பராமரிப்புப் பொறியியலாளர். 1996 ஜூன் 22ஆம் திகதி, தகட்டைத் தூக்கும் தானியங்கிக் கையொன்றில் ஏற்பட்ட கோளாறைத் திருத்திக் கொண்டிருந்தார். எதிர்பாராத விதமாக அந்த இயந்திரம் ஒரு தகட்டைத் தூக்கி அவரை நோக்கி வீசியது. சட்டென்று விலகியிராவிட்டால் தலையே போயிருக்கும். வலது காதின் பெரும்பகுதி அறுந்து போனது.

அவருக்கு அப்போது வயது முப்பதைச் சுற்றி. உடலளவிலும் மனதளவிலும் எந்தக் குறையும் இல்லாதவராகவே அதுவரை வாழ்ந்தவர். பிறகு நீண்ட சத்திரசிகிச்சைகள். முகம் விகாரமானது. தலைவலி, காதில் இரைச்சல், தூக்கமின்மை. விபத்துக் காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது. கெட்ட கனவுகள். மெல்ல மெல்ல மனச்சோர்வு முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்து மின்னதிர்ச்சிச் சிகிச்சை கொடுக்கும் நிலைக்கு வந்தது. 2002 மே 23ஆம் திகதி அவர் தற்கொலை செய்து கொண்டார். விபத்து நடந்து ஏறக்குறைய ஆறு வருடங்கள்!

விபத்துக்குத் தான் பொறுப்பு என்பதைக் கம்பனி மறுக்கவில்லை. காயத்துக்கு நட்டஈடு தருகிறோம், மரணத்துக்குத் தர முடியாது என்பதே அவர்களது வாதம். எங்கள் மனேஜரின் வசனத்தைத்தான் அவர்களது சட்டத்தரணிகள் சட்ட மொழியில் சொன்னார்கள். அது அவர் எடுத்த முடிவு. அதை நாங்கள் எதிர்பார்த்திருக்க முடியாது. அந்தச் செயல் சங்கிலியை அறுத்துவிட்டது.

முதல் நீதிமன்றத்தில் மனைவி தோற்றார். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பெரும்பான்மைத் தீர்ப்பால் வென்றார். கம்பனி பிரபுக்கள் சபை வரை போனது. 2008 பெப்ரவரி 27இல் அங்கிருந்த ஐந்து நீதிபதிகளும் மனைவியின் பக்கமே தீர்ப்பளித்தார்கள்.

தலைமை நீதிபதியாக இருந்த பிங்ஹம் பிரபு சொன்ன காரணம் எளிமையானது. சுகமாக உள்ள ஒரு மனிதன் தன் எதிர்காலம் பற்றித் தானே எடுக்கும் தீர்மானத்துக்கு இன்னொருவரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. ஆனால் இது அப்படிப்பட்ட தீர்மானம் அல்ல. கடும் மனச்சோர்வு அந்த மனிதரின் யோசிக்கும் சக்தியைப் பழுதாக்கிவிட்டது. அந்தச் சோர்வைக் கொடுத்தது விபத்து. ஆகவே காதை இழந்தது எப்படி விபத்தின் விளைவோ, உயிரை இழந்ததும் அப்படியே. இறந்தவர் மீதும் பாதிப் பிழை என்று சொல்லித் தொகையைக் குறைக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. ஒரே ஒரு நீதிபதி 20 வீதத்தைக் குறைக்கலாம் என்றார். மற்றவர்கள் இணங்கவில்லை. ஒரு சதமும் குறைக்கப்படவில்லை.

சட்டத்தரணி நண்பர் ஒருவர் இந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்குச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "ஆறு வருடத்துக்குப் பிறகுமா?" என்பதுதான். எங்களது கணக்கில் வெறும் எட்டு மாதங்களே!

நமது நாட்டில் நிலைமை என்ன?

மேலே சொன்ன வெளிநாட்டுத் தீர்ப்புகள் நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்த மாட்டா. ஆனால் சட்டத்தரணிகள் அவற்றை எடுத்துக்காட்டலாம். நீதிபதிகள் கவனத்தில் எடுக்கலாம். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்பட்ட காயம் என்ற அதே வாசல்தான் நமது கட்டளைச் சட்டத்திலும் இருக்கிறது. எனவே 'தானே செய்து கொண்டார்' என்று சொல்லிவிட்டால் விடயம் முடிந்துவிடும் என்று எந்த முதலாளியும் நம்பிக் கொண்டிருக்கக் கூடாது.

இன்னும் சில விடயங்களில் நம்மவர்கள் பெரும் தவறு செய்கின்றார்கள். நானும் செய்தேன்.

கையில் காசு கொடுத்து, இனிக் கோரிக்கை இல்லை என்று கடதாசியில் ஒப்பம் வாங்குவது முதலாவது தவறு. சட்டம் கொடுத்த உரிமையைத் தொழிலாளி ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அவ்வாறான உடன்படிக்கை செல்லாது. இரு தரப்பும் இணங்கி ஒரு தொகையைத் தீர்மானித்தாலும் அதனைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிந்து கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மரணம் சம்பவித்தால் நட்டஈட்டைக் குடும்பத்தாரின் கையில் நேரடியாகக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பது. மரண நட்டஈட்டை ஆணையாளரிடமே வைப்புச் செய்ய வேண்டும். அவர்தான் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று தங்கி வாழ்வோருக்கிடையில் அதைப் பங்கிடுவார். ஜனாஸா வீட்டில் மைத்துனரின் கையில் திணித்த கட்டுக் காசு மனைவிக்குப் போய்ச் சேராமலும் போகலாம். உங்களுக்குக் கணக்கில் வராமலும் போகலாம்.

மூன்றாவது, இயந்திரத்தின் பாதுகாப்பு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று சொல்கிறது. கடும் விபத்துகளைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்கவும் வேண்டும். தொழிலாளி வேண்டுமென்றே பாதுகாப்பைக் கழற்றினால் முதலாளிக்குச் சட்டத்தில் ஒரு தற்காப்பு உண்டு. ஆனால் முதலாளி பார்த்துக் கொண்டிருக்கவே கட்டப்பட்ட கம்பிக்கு என்ன தற்காப்பு?

நட்டஈட்டுத் தொகைகள் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டுள்ளன. ஆகவே பழைய அட்டவணையையோ, அடுத்த கடைக்காரர் சொன்ன தொகையையோ நம்ப வேண்டாம். ஆணையாளர் அலுவலகத்திலோ ஒரு சட்டத்தரணியிடமோ கேட்டுக் கொள்வதே சிறந்தது. பல காப்புறுதிக் கம்பனிகள் இதற்கென்றே காப்புறுதி செய்கின்றன. கடை தீப்பிடித்தால் காப்புறுதி, லொறி மோதினால் காப்புறுதி என்று வைத்திருக்கும் நாம், மெசினில் கை வைக்கும் மனிதனுக்கு வைத்திருக்கிறோமா?

'அது விதி' என்பவர்களுக்கு

இவ்வாறான மரணத்தைத் தடுக்க முடியாது, முடிவு செய்தவர் எப்படியும் செய்துவிடுவார் என்று சிலர் சொல்வதுண்டு. நமது நாட்டின் அனுபவமே இதற்கு மறுப்பாகும். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலை செய்து கொண்டார்கள். உலகிலேயே மிகக் கூடிய வீதங்களில் அதுவும் ஒன்று. கடும் நச்சுத்தன்மையுள்ள விவசாய இரசாயனங்களை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்த பின் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது. ஆபத்து கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால், அந்த நேரம் கடந்து போனால், மனிதன் பிழைத்துக் கொள்கிறான் என்பதையே இது காட்டுகிறது. மெசினுக்கு இரண்டாவது பிடி வைத்தவனின் யோசனையும் இதுதான்.

நான் செய்திருக்க வேண்டியவை

பெரிய கம்பனிகளுக்கு இதற்கெல்லாம் தனிப் பிரிவுகள் உண்டு. ஐந்து, பத்து பேரை வைத்து வேலை செய்யும் நமக்கு அது சாத்தியமில்லை. ஆனால் பின்வருவனவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

1. விபத்து நடந்த அன்றே திகதி, நேரம், நடந்த விதம், சாட்சிகள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். மறைக்க நினைக்காதீர்கள். அறிவிக்க வேண்டிய இடத்துக்கு அறிவியுங்கள்.

2. நட்டஈட்டுப் பத்திரங்களை நீங்களே முன்வந்து நிரப்பிக் கொடுங்கள். காயம்பட்டவர் ஒரு கையோடு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். மாதக் கணக்கில் இழுபடும் நட்டஈடு காயத்தை விட மோசமாக மனதை அரிக்கும்.

3. வாரத்துக்கு ஒரு தடவையாவது நீங்கள் நேரில் போங்கள். ஆளனுப்ப வேண்டாம். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, வீட்டாரோடு பேசுகிறாரா என்று பாருங்கள். பேச்சுக் குறைந்து, கோபம் கூடி, "நான் எல்லோருக்கும் பாரம்" என்று சொல்லத் தொடங்கினால் அது காயத்தின் அடுத்த கட்டம். விரலுக்கு வைத்தியர் இருப்பது போல மனதுக்கும் வைத்தியர் இருக்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உளநலச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். 1974இலிருந்து இயங்கிவரும் சுமித்ரயோ அமைப்பிலும் மனம் விட்டுப் பேசலாம்.

4. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கப் பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே அவருக்குப் பெரும் ஆறுதல்.

5. திரும்பவும் ஒரு வேலை கொடுங்கள். பழைய வேலை முடியாது என்றால் வேறு வேலை. எங்கள் அச்சகத்திலேயே புரூப் கொண்டு போய்க் கொடுக்கவும், காகிதம் எண்ணவும், ஓடர் எழுதவும் ஆள் தேவைப்பட்டது. அதற்கு நான் வெளியிலிருந்து இன்னொருவரைச் சேர்த்துக் கொண்டேன்.

இந்த ஐந்தாவதை நான் சுயமாகக் கண்டுபிடிக்கவில்லை. எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு பெண்மணி.

அந்தத் தீர்ப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட சில வாரங்களின் பின், அவரது மனைவியின் வீட்டைத் தேடிக் கொண்டு போனேன். பத்து வருடங்கள் கடந்திருந்தன. கைக்குழந்தையாக இருந்த மகள் பாடசாலைச் சீருடையில் நின்றாள். அந்தப் பெண் எனக்குத் தேநீர் கொடுத்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஒப்பம் வாங்கிய கடதாசியின் பிரதியை எடுத்து வந்து காட்டினார். அத்தனை வருடமும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார், அது ஏதோ முக்கியமான ஆவணம் என்று நினைத்து.

"அவர் வாசலில் வந்து நிற்கும் நேரமெல்லாம் காசு கொடுத்தனுப்பினேனே, தங்கச்சி" என்று ஏதோ சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன்.

"அவர் சல்லி கேட்டு வரல்ல முதலாளி. ஒரு வேலை கேட்டுத்தான் வந்தார். கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு திரும்பி வந்துருவார்."

சட்டப்படி கோரிக்கை வைக்கும் காலம் எப்போதோ கடந்து போயிருந்தது. அந்தப் பிள்ளையின் படிப்புச் செலவை அதன்பின் நான் பார்த்துக் கொண்டேன். அதை இங்கு புகழுக்காக எழுதவில்லை. உரிமையாகப் போயிருக்க வேண்டிய பணம் உதவியாகப் போனது. இரண்டும் ஒன்றல்ல என்பது கொடுத்த எனக்கும் தெரியும், வாங்கிய அவர்களுக்கும் தெரியும்.

அச்சகத்தைப் பின்னர் வேறொருவருக்கு விற்றுவிட்டேன். வெட்டும் மெசினும் அதோடு போனது. விற்பதற்கு முன் அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டேன்.

வர்த்தகச் சகோதரர்களே, இன்று கடை பூட்டுவதற்கு முன் உங்களது மெசின்களை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். எங்காவது ஒரு கம்பி, ஒரு கயிறு, கழற்றி மூலையில் போட்ட ஒரு தடுப்பு இருக்கும். அதை இன்றே சரி செய்யுங்கள். அதோடு உங்களிடம் வேலை செய்து காயப்பட்டு இப்போது வீட்டில் இருப்பவர் யாரும் இருந்தால், அவருடைய வீட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். வாசலில் வந்து நிற்கும் வரை காத்திருக்க வேண்டாம்.